வசன எண் இல்லாத அட்டை

டிசம்பர் 27, வியாழன்

அட்டை முன்னூற்றுப் பத்து முடிந்தது. இன்னும் நூற்றுப் பத்து பாக்கி. புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கென்று ஆளுக்கொன்றாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளை இந்த வருடமாவது அச்சடித்து வாங்கிவிடலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. கடை அட்டையில் ரோஜாப்பூவும் புறாவும்தான் பெரிதாக இருக்கின்றன, வசனம் எறும்பு மாதிரி ஓரத்தில் ஊர்கிறது. செயலர் நானிருக்க அது நடக்காது, கையாலேயே எழுதிவிடுகிறேன் என்றேன். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் வீறாப்பாகச் சொல்கிறேன். பிறகு டிசம்பர் கடைசியில் விரல் வலிக்கிறது என்று சுகிர்தத்திடம் புலம்புகிறேன்.

"யாரு ஒங்கள எழுதச் சொன்னா?" என்று திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டாள். என் மனைவிக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வரும்.

மத்தியானம் குருவானவர் மோசஸ் ஐயர் வந்தார். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, வேதாகமத்தில் சேர வேண்டிய புத்தகங்களைச் சபை ஒளித்து வைத்துவிட்டதாமே என்று கேட்கிறார்களாம். தவக்காலத்தில் நாலு புதன்கிழமை நான் அதைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

"நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தவிய. படிப்படியாச் சொல்லுவிய" என்றார். சின்ன வயது ஐயர், நைசாகப் பேசுவார். ஒரு பை நிறைய ஆங்கிலப் புத்தகங்களை வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 29, சனி

இரண்டு நாளாக அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பழைய நூல்களையே படிக்கிறேன். சில கதைகள் நல்ல வேடிக்கை. குழந்தை இயேசு களிமண்ணில் குருவி செய்து, கை தட்டிப் பறக்கவிடுகிறார். எழுதினவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே நூலில், ஓடிவந்து தோளில் இடித்த ஒரு பையன் அவர் சொன்ன ஒரு சொல்லில் செத்து விழுகிறான். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவை நான் முப்பது வருடம் மேய்த்திருக்கிறேன், எனக்கே அப்படித் தோன்றியதில்லை. இதைச் சேர்க்காமல் விட்டவர்களுக்குப் புண்ணியம்.

ஆனால் ஒன்று வேறு மாதிரி இருக்கிறது. ரோமாபுரியில் அடிமையாக இருந்து விடுதலையான ஒருவன் தான் கண்ட தரிசனங்களை எழுதி வைத்திருக்கிறான். பெரிய படிப்பாளி இல்லை. மூச்சுவிடாமல் கேள்வி கேட்கிறான், தூதனிடம் திட்டு வாங்குகிறான். பிள்ளைகள் விஷயத்தில் தவறிவிட்டோம் என்று அவனுக்கு மனதில் ஒரு குறை. அவனுக்குச் சொல்லப்பட்ட ஒரு புத்திமதியைத் தமிழாக்கி ஒரு அட்டையில் எழுதினேன். 'நீ கேட்டது தாமதித்தால், அது மறுக்கப்பட்டதென்று எண்ணாதே, கேட்கிறதை விட்டுவிடாதே.' நாற்பது வருடம் வேதம் வாசித்த கை, நடை தானாகவே அப்படி வந்துவிட்டது. சும்மா பேனா ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் எழுதினேன்.

சாயங்காலம் சுகிர்தம் கோயம்புத்தூருக்குப் போன் பேசினாள். சனிக்கிழமை தவறாமல் பேசுவாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். காலையிலேயே ஊற்றியாயிற்று என்பது போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 1, செவ்வாய்

என்ன செய்வது என்று தெரியவில்லை.

காலை ஆராதனை முடிந்து வரிசையாகப் போய்த் தட்டிலிருந்து அட்டை எடுத்தோம். எனக்கு ஏசாயாவிலிருந்து வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் சுகிர்தம் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, பாத்தியளா? ஆண்டவர் எனக்குன்னே எழுதி வச்சிருக்காரு."

வாங்கிப் பார்த்தேன். அந்த அட்டை. நேற்று மேசையைத் துடைக்கும்போது பரந்து கிடந்ததையெல்லாம் அள்ளித் தட்டில் போட்டிருக்கிறாள். நானூற்று இருபத்தொன்றில் ஒன்று. அதை அவள் கையே எடுக்க வேண்டுமா? கணக்கு வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது.

"வசன எண்ணு போட மறந்துட்டியளே. எந்தப் புஸ்தகம் இது?"

"வீட்டில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தை அப்படிப் பார்த்து மூன்று வருடமாகிறது.

ஜனவரி 2, புதன்

சொல்லவில்லை.

ஜனவரி 5, சனி

போன் பேசிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மே பத்தொம்பதுன்னு டாக்டர் தேதி குடுத்திருக்காவளாம். ஏப்ரல் பொறந்துட்டா தூரப் பயணம் கூடாதாம்."

நான் பேப்பரைத் திருப்பினேன்.

"தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குத்தான வரணும்?"

"வர வேண்டாம்னு நான் சொன்னேனா?"

"வான்னு சொன்னியளா?"

பேப்பரில் வெண்டைக்காய் விலை ஏறியிருக்கிறது.

அவள் அந்த அட்டையைக் கண்ணாடி பீரோவின் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறாள். தலை சீவும்போதெல்லாம் வாசிக்கிறாள். மறுக்கப்படவில்லை, தாமதிக்கிறது, அவ்வளவுதான் என்று அவளுக்கு நிச்சயம். மார்ச் முடிவதற்குள் மகள் வீடு வந்து சேர்ந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியும் வைத்துவிட்டாள்.

ஜனவரி 20, ஞாயிறு

பெண்கள் ஐக்கிய சங்கம் முழுவதும் அந்த வசனத்தைத் தேடுகிறது. சங்கச் செயலாளர் ரெஜினா டீச்சர் சங்கீதம் நூற்றைம்பதையும் ஒரு வாரத்தில் வாசித்து முடித்துவிட்டார். இன்னொரு அம்மாள் இது பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் என்கிறாள். என்னால் ஊரில் வேத வாசிப்பு பெருகியிருக்கிறது, அந்த அளவில் லாபம்.

"ஞானதிரவியம் சார் எழுதுனா தப்பா இருக்காது. நமக்குத்தான் கண்ணுல படல" என்று ரெஜினா டீச்சர் என் எதிரிலேயே சொன்னார். நான் குடையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

பிப்ரவரி 9, சனி

சுகிர்தம் என் பழைய வேட்டி நாலைக் கிழித்து, துவைத்து, சதுரம் சதுரமாக மடித்து வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்று நல்ல வேட்டி. கைக்கு மெத்தென்றுதான் இருக்கிறது.

வருடாந்திரத் திருத்தத்துக்காகச் சபைப் பதிவேட்டை எடுத்தேன். நாற்பத்தேழாம் பக்கம் எங்கள் குடும்பம். என் பெயர், சுகிர்தத்தின் பெயர், அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு அடித்த ஒரு பெயர். கோடு நேராக இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

இதை இதுவரை இங்கே எழுதியதில்லை. கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன இரண்டாம் மாதம், மாப்பிள்ளை வீட்டார் போகிற சபையில் மகள் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகுதான் சொன்னாள். நாற்பது நாள் குழந்தையாக வெள்ளை உடுப்பில் நான் ஏந்திக்கொண்டு போய், ஐயர் தலையில் தண்ணீர் தெளித்து, பெயரிட்ட பிள்ளை. அது குழந்தைக்குத் தெரியாமல் நடந்தது, கணக்கில் வராது என்று போனில் சொல்கிறாள். 'அது கணக்கில் வராதென்றால் நீயும் எங்கள் கணக்கில் வரமாட்டாய்' என்றேன். மறுநாளே பதிவேட்டில் பெயரை அடித்தேன். வேறு சபைக்குப் போனவர்கள் பெயரை அடிப்பது செயலரின் வேலை, விதியில் இருக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம், வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

மார்ச் 6, புதன்

சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கியது. எனக்கு நெற்றியில் சாம்பல் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டார் ஐயர்.

மார்ச் 13, புதன்

முதல் வகுப்பு. முப்பது பேர் இருப்பார்கள். பிள்ளைகள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்கள், ஒளித்து வைத்த ரகசியத்தை நான் மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன் என்பது போல.

ஒரே நாளில் கூட்டம் போட்டுக் கை தூக்கி முடிவு செய்த காரியமில்லை, முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். ஊர் ஊராகச் சபைகள் வாசித்து வாசித்துத்தான் பட்டியல் நிலைத்தது. அந்தச் சபைகள் கேட்டுப் பார்த்த கேள்விகளைப் பலகையில் எழுதினேன். எழுதியவர் இயேசுவோடு இருந்த அப்போஸ்தலரா, அவர்களோடு பழகியவரா? எங்கோ ஒரு மூலையில் மட்டும் வாசித்தார்களா, எல்லா இடத்துச் சபைகளிலுமா? ஆரம்பத்திலிருந்து விசுவாசித்து வந்ததோடு ஒத்துப்போகிறதா? அப்போஸ்தலர் பெயரைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டிக்கொண்ட நூல்கள் அங்கேயே விழுந்தன. களிமண் குருவிக் கதையைச் சொன்னேன். இடித்த பையன் செத்த இடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

சுகிர்தம் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

மார்ச் 20, புதன்

இன்று அந்த விடுதலையான அடிமையின் நூல். தப்பும் தவறுமான நூல்களைத் தள்ளினது எல்லாருக்கும் புரிகிறது. இது அப்படியில்லை. பல சபைகளில் ஆசையாக வாசித்திருக்கிறார்கள். பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றில் புதிய ஏற்பாட்டின் கடைசியில் இதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

"நல்ல புக்குன்னா ஏன் சார் வெளிய வச்சாங்க?" என்று கேட்டாள் ஜாய்ஸ். கல்லூரியில் படிக்கிற பெண், விடமாட்டாள்.

"பிந்தி வந்தது. அப்போஸ்தலரெல்லாம் போன பிறகு, தங்க காலத்து ஆள் எழுதினதுன்னு அந்தச் சபைக்காரங்களுக்கே தெரியும். அதனால பட்டியல்ல சேர்க்கல. ஆனா தூக்கிப் போடவும் இல்ல. ஆலயத்துல வேதம்னு வாசிக்காதீங்க, தனியா வாசிங்கன்னு சொல்லி வச்சாங்க."

"அப்போ பட்டியல்ல இல்லாததெல்லாம் வேண்டாததுன்னு இல்ல?"

"இல்லை" என்றேன். தண்ணீர் குடித்தேன். வாசித்துக்காட்ட மூன்று பகுதிகள் குறித்து வைத்திருந்தேன். இரண்டு வாசித்தேன். மூன்றாவதை விட்டுவிட்டேன், இரண்டாம் பெஞ்சிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் ரெஜினா டீச்சர் எழுந்து அறிவித்தார். வருகிற ஞாயிறு பெண்கள் ஞாயிறு. பீடத்தில் நின்று சாட்சி சொல்லப்போவது திருமதி சுகிர்தம் ஞானதிரவியம். தனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனத்தை வாசித்து, அது எப்படித் தன்னைத் தாங்குகிறது என்று சொல்வார்.

எல்லாரும் 'ஆமென்' என்றார்கள். நான் பலகையை அழித்தேன், ஏற்கெனவே அழித்திருந்த இடத்தையும் சேர்த்து.

மார்ச் 21, வியாழன்

ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"வேத வசனம்னு சொல்லி அத பீடத்துல வாசிக்க முடியாதே சார். நேத்து நீங்கதான் சொன்னிய." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாட்ட நான் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"வசனம் இல்லன்னு சொல்றது ஒரு நிமிஷ வேலைதான சார். எத நெனச்சுப் பயப்படுதிய?"

வீட்டில் விருந்தாள் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விருந்தாள் யாரும் இல்லை.

சொன்னால் அவள் நம்பிக்கையை விட்டுவிடுவாள். மூன்று மாதமாக அவள் நிற்பது அந்த ஒரு அட்டையின் மேல். சொல்லாவிட்டால், நானூறு பேருக்கு முன்னால் என் கையெழுத்தை ஆண்டவருடைய வார்த்தை என்று வாசிப்பாள்.

மார்ச் 23, சனி

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சுகிர்தம் கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து, நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அந்த வசனம் வேதத்தில் இல்லை" என்றேன்.

அவள் நிமிரவில்லை. நான் எல்லாம் சொன்னேன். படித்தது, எழுதியது, தட்டில் கலந்தது, மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது. வகுப்பில் சொன்ன அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்றும் சொன்னேன்.

"வெளிய வச்ச புஸ்தகமா?"

"ஆமா."

கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். காம்பும் இலையும் சேர்ந்து விழுந்தது.

"அப்போ ஆண்டவர் எங்கிட்ட சொல்லல."

"சொன்னாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது சுகிர்தம். வேதத்தில் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் வேறொன்று கேட்டாள்.

"அத எதுக்கு எழுதினிய?"

"பேனா ஓடுதான்னு பார்க்க."

"பேனாவுக்கு எழுத வேற வசனமே கெடைக்கலியா? நானூறு இருந்துச்சே."

ஐயர் கேட்டதும் இதைத்தான். வசனம் இல்லை என்று சொல்வதில் எனக்கு என்ன பயம்? அதற்கு அடுத்த கேள்வி இது என்று எனக்குத் தெரியும், அந்தப் பயம்தான். கையில் இருந்த கொத்தை முறத்தில் வைத்தேன்.

"எனக்குன்னுதான் எழுதினேன்" என்றேன். "அந்த மனுஷனும் பிள்ளைகள் விஷயத்துல கோட்டை விட்டவன். அவனுக்கு ஒருத்தர் அப்படிச் சொன்னாரேன்னு இருந்துச்சு. எனக்கும் அவளைப் பார்க்கணும்."

அறுபத்தொரு வயதில் கீரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சுகிர்தம் கையைத் துடைத்துக்கொண்டு என் முழங்காலில் வைத்தாள். ஆனால் பேச்சில் விடவில்லை.

"மூணு வருசமா நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஆண்டவர்ட்டயும் கேக்கேன், அவட்டயும் கேக்கேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுதா, அப்பா ஒரு வார்த்த கூப்பிடட்டும்னு. நீங்க யாருட்டயும் ஒரு நாளும் கேக்கல. கேக்காமலே, தாமதமாகுதுன்னு எழுதி வச்சிருக்கிய."

என் போனை எடுத்தேன். எண் அதில் இருந்தது, நான் அழிக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மாவுக்கு என்னாச்சு?"

குரல் பதறியது. நான் கூப்பிடுகிறேன் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும். என் பிள்ளைக்கு நான் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவு.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

"ஒங்களுக்கு என்னப்பா?"

"நீ வீட்டுக்கு வரணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். அவசரப்பட்டு அடித்தது நான்தான், விதி இல்லை என்று சொன்னேன். ஐயரிடம் கேட்டுத் திரும்பவும் எழுதிவிடுகிறேன் என்றேன்.

"எழுதாண்டாம்பா. எனக்கு இங்க சபை இருக்கு, இங்கதான் எம்பேரு இருக்கணும். நான் மாற மாட்டேன்." குரல் கொஞ்சம் நிதானமாயிற்று. அந்தப் பிடிவாதம் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. "பிள்ளைக்கும் இப்ப ஞானஸ்நானம் குடுக்க மாட்டோம். வளந்து அதுவா கேட்டாத்தான். அத வச்சு சண்ட போட மாட்டியள்லா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"போடுவேன்" என்றேன். "ஆனா நீ இங்க வந்தப்புறம், வீட்டுல வச்சுப் போடுதேன். நீ வா."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சுகிர்தம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க வீட்டுல எம்பேரே சொல்றதில்லன்னு அம்மா சொன்னா. கோயம்புத்தூர், கோயம்புத்தூர்னு சொல்லுதியளாம். ஊருப் பேரச் சொல்லியா பெத்த பிள்ளைய கூப்பிடுவாவ?"

"ஹெப்சிபா" என்றேன். அது ஞானஸ்நானத்தில் நான் கொடுத்த பெயர். பிறகு வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, "ஹெப்சி" என்றேன்.

"சொல்லுங்கப்பா."

காப்பி குடித்தாயா என்று கேட்டேன். டாக்டர் காப்பி கூடாது என்றிருக்கிறாராம். அப்படியானால் பால் குடி என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

சுகிர்தம் சாட்சி சொன்னாள். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. தனக்குக் கிடைத்தது வேத வசனம் இல்லை என்றும், அதைத் தன் வீட்டுக்காரர் தவறுதலாகக் கலந்துவிட்டார் என்றும், நேற்று அவரே வந்து சொன்னார் என்றும் ஒளிக்காமல் சொன்னாள். ரெஜினா டீச்சர் திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பெஞ்சுக்கடியில் போயிருக்க வேண்டும்.

"எங்க வீட்டுல ஒரு மனுசர் இருக்காரு. ஒரு வார்த்த கேக்க அவருக்கு மூணு வருசம் ஆச்சு. நேத்து கேட்டுட்டாரு. அதுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று முடித்துவிட்டு இறங்கினாள். அவ்வளவுதான் சாட்சி. இரண்டு நிமிடம் இருக்கும்.

இந்த வாரப் புதன் வகுப்பை ஐயரே எடுத்துக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஹெப்சியைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன்.